ஏழு நாளும் திறந்திருக்கும் காப்பகம்

ஜனவரி 27, செவ்வாய்

நிதி விண்ணப்பத்தின் முதல் சுற்றில் தேறிவிட்டோம். மூன்று வருட நிதி. கிடைத்தால் ரம்ஜானுக்கு ரம்ஜான் தோல் பதனிடும் ஷாப் முதலாளிகள் வாசலில் நன்கொடைக்குப் போய் நிற்க வேண்டாம்; எங்கள் குழந்தைகள் காப்பகம் இந்தக் கோடையோடு மூடாது. ஆனால் சென்னையிலிருந்து அதிகாரி பார்வையிட வருவது பிப்ரவரி 6, வெள்ளி. பேரணாம்பட்டில் வெள்ளிக்கிழமை ஷாப்பெல்லாம் லீவு. அங்கே வேலை செய்யும் அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள், நாங்களும் பூட்டிவிடுவோம். போன் செய்து சொன்னேன். "டூர் புரோக்ராம் போட்டாச்சு மேடம்" என்று வைத்துவிட்டார், அந்த அதிகாரி சுந்தரமூர்த்தி. புரோக்ராமாம்.

ஜனவரி 29, வியாழன்

டிரஸ்டி இஷ்தியாக் அகமது வந்தார். "இதுக்கு இன்னாத்துக்கும்மா பேஜார்? அன்னிக்கு மட்டும் தொறந்து வை. பசங்கள அனுப்பலன்னா வேற எடம் பாத்துக்கச் சொல்லு."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார் மனிதர். ஆறு நாள் தோல் ஊறிய தண்ணீரில் நிற்கிறவர்களுக்குப் பிள்ளையோடு இருக்க ஒரே நாள். அதையும் பிடுங்கு என்கிறார். கத்தினேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 5, வியாழன்

கத்தி என்ன பிரயோஜனம்? கடைசியில் நான்தான் ஒவ்வொரு அம்மாவிடமும் நாளைக்குப் பிள்ளையை அனுப்பச் சொன்னேன். சைரா மட்டும் எதிர்த்துப் பேசினாள். "வாரத்துல ஒரு நாள்தான் டீச்சர், புள்ள என்னோட இருக்கான்."

"இந்த ஒரு வாட்டி சைரா. காப்பகம் இருக்கணும் இல்ல?"

சரி என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

பிள்ளைகள் ஓயாமல் அழுதன. அம்மாக்கள் வீட்டுக்குப் போகவே இல்லை, எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றார்கள். "இவங்க யாரு? வேலைக்குப் போகலையா?" என்றார் சுந்தரமூர்த்தி. நான் வாயெடுப்பதற்குள் இஷ்தியாக் முந்திக்கொண்டார். "இன்னிக்கு ஷாப் லீவு சார்." அத்தோடு விட்டாரா? "லீவானாலும் நாங்க மூட மாட்டோம். ஏழு நாளும் நடக்கும்."

பச்சைப் பொய். அதிகாரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கெங்கம்மாள் என்னையே பார்த்தாள். போன கோடையில் சம்பளம் இல்லாமல் வேலை செய்தவள். வாயை மூடிக்கொண்டேன். ச்சே.

பிப்ரவரி 7

நானும் தலையாட்டினேனே. என்ன ஜென்மம் நான்?

ஏப்ரல் 13, திங்கள்

கிடைத்துவிட்டது. மூன்று வருடம். முதல் நிபந்தனை: வாரத்தின் ஏழு நாளும் நடத்த வேண்டும், தினமும் பிள்ளைகளோடு போட்டோ எடுத்து அவர்கள் ஆப்பில் ஏற்ற வேண்டும்.

இஷ்தியாக்கைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தேன். "வெள்ளிக்கெழம போட்டோவுக்குப் பத்து பசங்க போதும்மா. மொற வெச்சுக் கூப்புடு" என்று சிரிக்கிறார். "உங்க வீட்டுப் புள்ளைய மொதல்ல அனுப்புங்க பாய், அப்புறம் மொற வைக்கலாம்" என்று கேட்டுவிட்டேன். சிரிப்பு நின்றது. அவ்வளவுதான் நடந்தது.

சென்னைக்கு உண்மையை எழுதிப் போடவா? எழுதினால் நிதி போய்விடும். கெங்கம்மாள் எங்கே போவாள்? இத்தனை பிள்ளைகள்?

கையெழுத்துப் போட்டேன்.

மே 8, வெள்ளி

முறைப்படி இன்று சைராவின் பையன். அவனை விட்டுவிட்டு வேகமாகத் திரும்பியவளை, வீட்டுக்கா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர், ஷாப்புக்கு. காப்பகம்தான் தொறந்திருக்கே, வந்து ஷாப்பக் கழுவிட்டுப் போன்னு மேஸ்திரி சொல்லிட்டார். இனிமே மொறையெல்லாம் பாக்காதீங்க. எல்லா வெள்ளியும் இவன் வரட்டும்."

பையன் அவள் துப்பட்டாவை விடவில்லை. நான்தான் விரல்களைப் பிரித்து வாங்கிக்கொண்டேன்.