முறிந்த விரலின் சாட்சி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அப்பா ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? நான் நலம். நெற்றியில் நாலு தையல். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்துப் பதறக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

செவ்வாயன்று நீதிமன்ற உத்தரவோடு வக்கீலம்மாவும் நானும் ஒரு காப்பகத்துக்குப் போனோம். உங்களைப் போலவே காது கேளாத ஒரு பெண்ணைக் கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். முதுகெல்லாம் பெல்ட் தழும்பு. யார் அடித்தது என்று சைகையில் கேட்டேன். அவள் வார்டனைக் காட்டினாள். அவன் பாய்ந்து வந்து, நீட்டிய விரலைப் பிடித்து முறித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"ஊமை கையாட்டுறதெல்லாம் ஒரு சாட்சியா?" என்று கத்திக்கொண்டே, தடுக்கப் போன என்னை இரும்பு நாற்காலியால் அடித்தான். என் மண்டை கெட்டி என்று நீங்கள் திட்டுவது உண்மைதான். நாற்காலியின் கால்தான் வளைந்தது.

நேற்று நீதிபதியின் முன்னால் அவள் இடது கையால் மட்டுமே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் சைகைகளுக்கு நான் குரல் கொடுத்தேன். வார்டனுக்கு ஜாமீன் மறுத்துவிட்டார்கள்.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள், இங்கே தூக்கம் பிடிப்பதில்லை. ஞாயிறன்று போனைக் கையில் பிடிக்காமல் சுவரில் சாய்த்து வையுங்கள். உங்கள் இரண்டு கைகளும் பேசுவதைப் பார்க்க வேண்டும், அம்மா.

வக்கீலம்மா கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்