தளைநார் கட்டிய பிரேக்

எட்வினின் அப்பாவுக்கு,

மோட்டார் வண்டியை எத்தனை தடவை மிதித்தாலும் கிளம்பாது. இப்போதுதான் அதன் பிளக்கைக் கழற்றி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். தாளில் ஒட்டியிருப்பது பிளக்கின் கரிதான். கோபப்படாமல் வாசியுங்கள்.

கொழும்பிலிருந்து மலிவாக வந்த பழைய சீமை வண்டி என்று நான் குறை சொல்லவில்லை. அறுந்த பிரேக் கம்பிக்குப் பதில் பனையேறி காலில் மாட்டும் தளைநாரைக் கட்டி வைத்திருக்கிறீர்களே, அதுதான் பயம். “ஏட்டி, பனையில மனுசனையே தாங்குத நாரு, இதைத் தாங்காதா?” என்று நேற்றுச் சிரித்தீர்கள். நார் நனைந்தால் இளகும். ராத்திரியெல்லாம் மழை. இன்றைக்குப் பாஸ்டர் ஐயரையும் பின்னால் ஏற்றித் திருவட்டாறு போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

அறுந்த கம்பியைத் தக்கலைக் கொல்லனிடம் கொண்டுபோகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுவேன். அதுவரை ஐயரை இருக்கச் சொல்லுங்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடியிருக்கிறது, மீன்குழம்பு உறியில்.

நேசம்மாள்

பி.கு.: “வண்டியைத் தொடாதவளுக்குப் பிரேக்கைப் பற்றி என்ன தெரியும்” என்று கேட்டீர்களே. திங்கட்கிழமை நீங்கள் குளச்சலில் இருந்தபோது, தூறலில், பத்மநாபபுரம் இறக்கத்தில் அதே நாரோடு நான் ஓட்டினேன். வைக்கோல் போரில் மோதிய பிறகுதான் வண்டி நின்றது.