ஈசாக் அண்ணன் அறையில பீடி மணம்

2024 ஜூன் 3, திங்கள்

...அப்போ நான் என்னத்த செய்யணும்னு நீரே சொல்லும் ஆண்டவரே. ஈசாக் அண்ணன அடக்கம் பண்ணி மூணு வாரம் ஆச்சு. அவரு வலிச்ச பீடி மணம் மட்டும் அந்த அறைய விட்டுப் போவல்ல. இன்னைக்கு அவரு மவ சோனா வந்தா. எட்டாம் மாசம். முதல் பிரசவம் பொறந்த வீட்டுலதானே பாக்கணும். அம்ம இல்லாத பிள்ள, அப்பன்கூடப் பொறந்த மாமின்னு நான் ஒருத்திதான் உண்டு. அறையில கால் வச்சா, வாயப் பொத்திட்டு வாசல் முத்தத்துக்கு ஓடி சத்தி எடுத்தா.

"மணம் போனா சொல்லுங்க மாமி, வாறேன். இல்லேன்னா கோட்டுகால்ல மாமியா வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

ஒரு வாய் வெள்ளம் குடிக்கல்ல. ஆட்டோவில ஏறிட்டா. எனக்கு அழுகை வரல்ல. அடக்கத்துக்கும் வரல்ல.

ஜூன் 4

கர்ட்டன், விரிப்பு, தலவாணி ஒற எல்லாம் துவச்சேன். மழ. ஒண்ணும் காயல்ல.

ஜூன் 6, வியாழன்

மணம் போவும்னு பக்கத்து வீட்டு தங்கபாய் சொன்னாளேன்னு கிண்ணத்துல காப்பிப்பொடி வச்சேன். சாயங்காலம் வந்து மூக்க இழுத்துப் பாத்துட்டு சொல்லுதா, "எடி நேசம், இப்பம் உங்க அண்ணன் காப்பி குடிச்சிட்டு பீடி வலிக்கது போல இருக்கு கேட்டியா."

அவ சிரிச்சா. நானும் சிரிச்சிருக்கணும், இல்லியா?

ஜூன் 8

பனச்சமூட்டுல போயி வினிகர் வாங்கி, வெள்ளத்துல கலக்கி சுவரத் துடச்சேன். துணி மஞ்சளாச்சு. மெத்தைய தூக்கி வெளிய போட்டேன். ஆள விட்டு பெயிண்டும் அடிக்கணும்.

ஜூன் 11, செவ்வாய்

பெயிண்ட் காஞ்சாச்சு. காலி அறை, பீடி மணம் இல்ல. ஸ்தோத்திரம்னு சொல்லி, எப்பளும் போல முதல்ல வேதபுஸ்தகத்த கொண்டு வச்சு கதவச் சாத்தினேன். சாயங்காலம் தொறந்தா — அதே மணம்.

ஜூன் 12

இத உம்மகிட்ட எப்படிச் சொல்ல. மணக்குது உம்ம புஸ்தகமாக்கும்.

ஒரு கையில பீடியோட அண்ணன் இருபது வருசம் வாசிச்சாரு. சங்கீதம் முழுக்க மஞ்சள். தரையக் களுவினேன், சுவர உரசினேன், இத மட்டும் ஒவ்வொரு தடவையும் முத்தம் குடுத்து திரும்ப உள்ள வச்சேன். முத்தினப்பமும் தெரியல்லியே. மூக்கும் மரத்துப் போச்சா எனக்கு?

சபை ஐயருக்கு போன் போட்டேன். "வெயில்ல வையுங்க அக்கா, அதுல பாவம் ஒண்ணும் இல்ல"ன்னாரு. வெயிலு எங்க இருக்கு? மூடியுள்ள வாளியில மணம் இழுக்க சிரட்டக்கரி போட்டு, மேல துணி விரிச்சு, அதுல வச்சு விறகுப்புரையில கொண்டு வச்சேன். வேதத்த விறகுப்புரையில. மன்னியும்.

ஜூன் 15, சனி

சோனா வந்தா. அறை வாசல்லயே நின்னா. பையப் பைய உள்ள போயி புது மெத்தையில படுத்தா.

"அப்பா மணமே இல்ல மாமி"ன்னா.

சந்தோசமா சொன்னாளா, என்னவோ. கஞ்சி குடிச்சிட்டு ஒறங்குதா.

இத எழுதும்போதாக்கும் நினைவு வருது. மரிச்ச அன்னைக்கு காலையில அண்ணன் கேட்டாரு, "ஒரு பீடி தா நேசம், ஒண்ணே ஒண்ணு." தீந்து போச்சுன்னேன். தீரல்ல. அடுக்களையில, அலமாரிக்கு மேல பழைய பிஸ்கட் டின்னுல ஒரு கெட்டு பீடி ஒளிச்சு வச்சிருந்தேன். இப்பமும் அங்கதான் இருக்கும்.