நாலு ஸ்பீக்கரும் உங்கள் காதும்

என் உயிருக்கு உயிரான அத்தானுக்கு,

நீங்கள் போய் இந்த மாசத்தோடு ஒரு வருஷம் முடிகிறது. இத்தனை நாளில் எத்தனையோ தடவை பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத ஆரம்பித்தால் ஒரே ஒரு கேள்விதான் வரும். அதைக் கேட்கப் பயந்து எழுந்துவிடுவேன். போன சனிக்கிழமை யூசுஃப் பாயின் ரிப்பேர் கடைக்குப் போய்வந்த பிறகு, கேட்காமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கொண்டு போனேன் அத்தான். நீங்கள் கடைசியாக எரித்துவைத்த நாளிலிருந்து அது அலமாரியின் மேலேயே கிடந்தது. பார்க்கவே பிடிக்காமல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தேன். ரெபேக்காதான் பாட்டுக் கேட்கவேண்டும் என்று பத்து நாளாகப் பிடிவாதம் பிடித்தாள். பதினொரு வயசுப் பெண்ணிடம் எவ்வளவு நாள்தான் சாக்குச் சொல்வது?

அந்தப் பெட்டியால் நம் வீட்டில் நடந்த சண்டைகளை நினைத்துப் பார்க்கிறேன். முதலில் ரெண்டு ஸ்பீக்கர் இருந்தது. நன்றாகத்தான் பாடியது. அப்புறம் எங்கிருந்தோ இன்னொரு ஜோடியைக் கொண்டுவந்து அதோடு சேர்த்துக் கட்டினீர்கள். மெட்டுகுடாவில் நம் வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் நம் வீட்டுப் பாட்டுத்தான். ஃப்யூஸ் போனது. மாற்றினீர்கள். திரும்பவும் போனது. கடைசியில் ஃப்யூஸ் இருந்த இடத்தில் தடிமனாக ஒரு கம்பியைச் சுற்றிவைத்தீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள்ளிருந்து புகை வந்தது.

"இது என்ன வீம்பு? குழந்தை இருக்கிற வீடு இது" என்று கத்தினேன். நீங்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடான பெட்டியின்மேல் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலையில், நீங்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ரேஷனுக்குப் போகவேண்டும், ரெபேக்காவுக்கு ஸ்கூலில் கையெழுத்துப் போடவேண்டும், எதுவும் உங்கள் காதில் ஏறுவதில்லை என்றேன். பிறகு அந்த வார்த்தையையும் சொன்னேன். "நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

நீங்கள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, "வாரேன் கிருபை" என்று சிரித்த முகமாய்ப் போனீர்கள்.

அன்று சாயங்காலம் ராமச்சந்திராபுரத்திலிருந்து வந்த கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, எப்போதும்போல் தண்டவாளத்து வழியாகவே நடந்தீர்கள். பின்னால் எஞ்சின் வந்திருக்கிறது. ஊதியிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் என்னிடம் வந்து அழுதார். "எத்தனை பேர் கூப்பிட்டோம் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்கலையே."

அவர் கள்ளமில்லாமல் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் வீடு வீடாகப் போனது. கூப்பிட்டும் திரும்பவில்லையாம். ஊதியும் நகரவில்லையாம். வீட்டில் தினம் சண்டையாம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நாச்சாரத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்து, எல்லார் முன்னாலும் கேட்டார். "அன்னைக்குக் காலைல அவன்கிட்ட என்ன சொன்ன?"

நான் என்ன சொல்வேன்? சொன்னது உண்மைதானே? வாயைத் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது. அவர் அதற்குப் பிறகு நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் ஸ்கூலில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே, உள்ளுக்குள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் செத்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் உங்கள் முதுகுதான் தெரியும். திரும்பாத முதுகு.

யூசுஃப் பாய் பெட்டியைத் திறந்து பார்த்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது டேவிட் சாப் பெட்டி இல்லையா? அவர் ஏன் வரலை?" என்றார். சொன்னேன். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"நான் அவருக்கு எவ்வளவோ சொன்னேன் மா. கரண்டைத் தடுக்கிற அளவுதான் ஓம். இந்தப் பெட்டி எட்டு ஓம் ஸ்பீக்கருக்குச் செஞ்சது. அதோட பக்கத்துலயே இன்னொரு எட்டு ஓம் சேர்த்துக் கட்டினா, பெட்டிக்கு அது நாலு ஓம். ஓம் குறைஞ்சா கரண்ட் டபுளா இழுக்கும். சத்தம் வரும், ஆனா உள்ள எல்லாம் வெந்துரும். அப்படிக் கட்ட நக்கோ, வேணாம்னேன். ஒண்ணு பின்னால ஒண்ணா கட்டுங்க, பதினாறு ஆகும், பெட்டிக்கு ஆபத்து இல்லை, சத்தம் மட்டும் கம்மியா வரும்னேன். அவருக்குக் கம்மி வேணாம்."

"பிடிவாதம்" என்றேன்.

"பிடிவாதம் இல்லை மா. காது." அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

கடைசியாக வந்தபோது அவர் சொல்லச் சொல்ல நீங்கள் தலையாட்டினீர்களாம். சொல்லி முடித்ததும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டீர்களாம். மூன்றாவது தடவை அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாராம். அதைப் படித்துவிட்டுச் சொன்னீர்களாமே, "வீட்ல சொல்லிராதீங்க பாய். கம்பெனில தெரிஞ்சா என்னைக் கிரேன்ல இருந்து இறக்கிருவாங்க. மேலே கேபின்ல எனக்குக் காது வேண்டாம். கீழ இருந்து கை காட்டுவாங்க, அது போதும்."

அவர் அந்தத் தாளைத் தேடி எடுத்து, கிழித்துக் கொடுத்தார். இங்கிலீஷில் பெரிய பெரிய எழுத்து. எட்டும் எட்டும் சேர்ந்தால் நாலு, எரியும் என்று. அதற்குக் கீழே, காது டாக்டரைப் பாருங்கள் என்று.

கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன் அத்தான். அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பத்து மைல் தள்ளி இருக்கிற ரிப்பேர்க்காரருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய எனக்குத் தெரியவில்லை. என் குரல் வகுப்பு எடுக்கிற குரல், அதனால் கேட்டதா? எதிரில் நின்று பேசும்போது என் உதட்டைப் பார்த்துப் பார்த்தே சமாளித்தீர்களா? சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் எதிரில்தான் உட்கார்வீர்கள். ஆசை என்று நினைத்து உள்ளுக்குள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அன்றைக்குக் காலையில் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேனே, அது உங்களுக்குக் கேட்டதா? கேட்காததால்தான் சிரித்தீர்களா? கேட்கவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். சொப்பனத்திலாவது வந்து சொல்லுங்கள். உங்கள் காது போனதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்கிற பாவியாக ஆகிவிட்டேன், தெரியுமா? நன்றி சொன்ன வாயாலேயே, உங்களை எஞ்சினிடம் விட்டதும் அதே காதுதானே என்று அவரோடு சண்டை போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அந்தத் தாளோடு நாச்சாரம் போனேன். உங்கள் அண்ணன் என்னைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தார். "படிச்சிட்டுப் போங்க" என்று நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

"எங்க அம்மைக்கும் நாப்பது வயசுல இப்படித்தான் காது போச்சு" என்றார். "கொஞ்சம் கொஞ்சமா. அவனுக்கும் வரும்னு எனக்குல்லா தோணியிருக்கணும். உன்னைப் போயி கேட்டேனே."

நான் அன்று காலையில் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். மறைக்கவில்லை. அவர் திட்டவில்லை. "எல்லா வீட்லயும் சொல்றதுதான் கிருபை" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷமாக வராத அழுகை.

வீட்டுக்கு வந்து ரெபேக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கோயில் பெண்கள் எனக்குப் பின்னால் பேசியதை ஸ்கூல் பிள்ளைகள் அவள் முகத்துக்கு நேரே பேசியிருக்கிறார்கள். எனக்கு இதுவரை தெரியாது. நான் ஆரம்பிக்கும் முன்னாலேயே அவள் கேட்டுவிட்டாள், வழக்கம்போல் தெலுங்கில். "அம்மா, டாடி காவாலனே சேசிண்டா?" வேண்டுமென்றே செய்தாரா என்று. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் என் பக்கத்தில் படுத்திருந்தாளோ.

"இல்லம்மா. டாடிக்குக் கேட்கல. அவ்வளவுதான்" என்றேன்.

"நிஜங்கா?" என்றாள்.

"நிஜமா."

என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்போ வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாரு" என்றாள். தமிழில் சொன்னாள் அத்தான். ஆமாம், வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தீர்கள்.

நேற்று அவளைக் காது டாக்டரிடம் காட்டினேன். இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிவாருங்கள் என்றார். தவறாமல் கூட்டிப்போவேன். உங்கள் அம்மைக்கும் உங்களுக்கும் வந்தது அவளுக்கும் வந்தால், ஒளிக்கவேண்டிய விஷயமாக அதை அவள் நினைக்கவிடமாட்டேன். அவளிடம் எதைச் சொன்னாலும், கோபமாக இருந்தாலும், கிட்டப் போய் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்களை எதிரில் உட்காரவைத்தும் பார்க்காமல் போன,
உங்கள் மனைவி,
ரெபேக்காவின் அம்மா,
கிருபை