அரக்கு உடையாமல் இறங்கின பாட்டரி

உ

சங்கரன்கோவில்,
8-11-1983, செவ்வாய்.

அன்பு மகன் சண்முகையாவுக்கு அப்பா ஆசிகளோடு எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் இருக்கிறது, அதைக் கீழே எழுதியிருக்கிறேன். பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வர கோமதியம்மன் துணையிருக்க வேண்டும். இங்கே இரண்டு நாளாக மழை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே விட்டுப்போன மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டா, அதை உன் அத்தான் நெல்லைநாயகத்திடம் கொடுத்துவிட்டுப் போனாயா, இதற்கு மட்டும் சுற்றி வளைக்காமல் பதில் எழுது. பத்திர ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் கள்ளக் கையெழுத்தும் பொய்ச் சாட்சியும் பார்த்தவன் நான், யாரையும் முகத்தைப் பார்த்து நம்பிப் பழக்கமில்லை. நீ சொன்னபடி வெள்ளிக்கிழமைதோறும் வண்டியை உதைத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டு வந்தேன். புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை எத்தனை உதை உதைத்தும் அது செருமக்கூட இல்லை. ஒர்க்‌ஷாப் மம்மது வந்து பார்த்து, பாட்டரி சுத்தமா இறங்கிட்டு அண்ணாச்சி என்றான். சார்ஜ் ஏற்றி மாட்டினான், அடுத்த வாரமும் அதே கதை. சரி, அக்கா முத்துமீனாள் பேறுகாலத்துக்கு இங்கே வரப்போகிறாள், அவசரத்துக்கு வண்டி கிளம்ப வேண்டுமே என்று பெரிய பாட்டரியாகவே போடச் சொன்னேன். பழைய பெட்டி பற்றாமல் தகரத்தில் புதுப்பெட்டி அடித்து, பாட்டரியிலிருந்து போகிற வயரையும் எர்த் வயரையும் நல்ல தடிமனாக மாற்றினான். வேலை முடிகிற வரைக்கும் நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பழசைப் புதுசென்று மாட்டிவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவன் போனதும் பெட்டியைச் சுற்றி நூல் கட்டி, ஆபீஸ் கட்டுகளுக்கு வைப்பதுபோல அரக்கு உருக்கி என் மோதிரத்தால் முத்திரை வைத்தேன். உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்தாம் நாள் பார்த்தால் அரக்கு வைத்தது வைத்தபடி இருக்கிறது, பாட்டரி இறங்கிப்போய்விட்டது.

பெட்டியைத் திறக்காமல் பாட்டரி இறங்குகிறதென்றால் யாரோ சாவி போட்டு வண்டியை எடுக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். சாவியை நான் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன், வெளியாள் அங்கே வரமாட்டான். வீட்டுக்குள் வந்துபோகிற ஆண்பிள்ளை உன் அத்தான் ஒருவர்தான். இங்கே கூட்டுறவு சொசைட்டியில் வேலை முடிந்து, வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்கு முன்னால் இங்கே ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார். அது சரியாக நான் சாயரட்சைக்குக் கோயிலுக்குப் போயிருக்கிற நேரம். வண்டியை ஓட்டினா பாட்டரி ஏறத்தானே செய்யும், எப்படி இறங்கும் அண்ணாச்சி என்று மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்ட வந்த மம்மது கேட்டான். அவனும் மாப்பிள்ளைக்கு உடந்தையோ என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் கோயிலிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்து, ஏன் மாப்பிள்ளை, சாவி ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கோ என்று கேட்டுவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார், போயிட்டு வாரேன் மாமா என்று எழுந்து போனவர்தான், பன்னிரண்டு நாளாகிறது, இந்தப் பக்கமே வரவில்லை. நேற்று சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து, பேறுகாலம் இங்கனயே இருக்கட்டும், பிள்ளையை அனுப்புததா இல்லைன்னு சொல்லிவிட்டாங்க என்றது. தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறாமல் எங்கே பெறுவாள். உன் அம்மா நேற்று முழுக்கச் சாப்பிடவில்லை. குற்றமில்லாதவர் ஏன் இவ்வளவு ரோஷப்பட வேண்டும், நீயே சொல். இதை இன்றைக்கே முடித்துவிட வேண்டுமென்று கோயிலுக்குக்கூடப் போகாமல் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பக்கம் ஏதோ சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன்.

வியாழன். மேலே எழுதியதைக் கிழித்துவிட நினைத்தேன், உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று நீயும் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு எழுந்து போய்ப் பார்த்தால் உன் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, நான் கோயிலுக்குப் போய்விட்டேன் என்ற நினைப்பில், சாவியோடு வராந்தாவில் நிற்கிறாள். உன் வண்டியில் சாவியைப் போட்டுத் திருகி முன்விளக்கை எரியவிட்டு, அதன் முன்னால் கைகூப்பி நின்று பாட ஆரம்பித்தாள். ஏட்டி, என்ன செய்யுதே என்றேன். அவள் பதறவே இல்லை. பிள்ளை வண்டி இருட்டுக்குள்ள நிக்கவேண்டாம்னு தெனமும் போடுதேன், ஒரு துளி எண்ணெய் செலவு உண்டா, கரண்டு மீட்டர் ஓடுதா, சும்மா கெடக்குத விளக்குதான என்றாள். பெரிய பாட்டரி போட்ட பிறகு வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், அதனால் இப்போது பாட்டு முழுக்க முடிகிற மட்டும் எரியவிடுகிறாளாம். விளக்கு எரிந்தால் பாட்டரி இறங்கும் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை, நானும் அவளை ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. ஊரையெல்லாம் விசாரித்தேன்.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் வாசுதேவநல்லூர் போனேன். சம்பந்தியும் அவர் வீட்டம்மாவும் இருக்கும்போதே மாப்பிள்ளையிடம், தப்பு என் மேல்தான், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அப்போது அவர், அத்தை விளக்கு போடுதது எனக்குத் தெரியும் மாமா, காப்பி குடிக்கும்போது பார்த்திருக்கேன், சொன்னா நீங்க சாவியப் பூட்டி வச்சிருவீங்க, அவங்களுக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்னு விட்டுட்டேன் என்றார். என் பேச்சையும் வாங்கிக்கொண்டு பன்னிரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடித்து அக்காவை அனுப்பிவைக்கச் சம்மதித்துவிட்டார்கள். உன் அத்தானுக்கு நீயும் தனியாக ஒரு கார்டு எழுதிப் போடு, சாவியைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

சாயங்காலம் வந்து அம்மாவிடம் எல்லாம் சொல்லி, அதென்ன ஆறுதல், பிள்ளைக்கு அங்கே என்ன குறை என்று கேட்டேன். அதற்கு அவள், அவன் காயிதத்தை நீங்க வாசிச்சுக் காட்டுததுல பாதியை முழுங்குதிய, அவனுக்கு அங்கன என்னமோ ஆயிருக்கு, எங்கிட்ட மறைக்கிய, எனக்குத் தெரியும் என்றாள். ஆவணியில் உனக்கு மஞ்சள்காமாலை கண்டு பத்து நாள் படுத்திருந்தாயே, அந்த வரிகளைத் தாண்டித்தான் வாசித்தேன். அப்போதிருந்து என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், நான் கண்டுபிடிக்கவே இல்லை. நான் சந்தேகப்பட்டது ஒன்றாவது சரியாக வரவில்லை, அவள் சந்தேகப்பட்டது சரி.

இனிமேல் பாட்டரிக்கு ஒன்றும் ஆகாது, மம்மது சார்ஜ் ஏற்றித் தந்துவிட்டான், தினமும் விளக்கு போடுகிற நேரத்தில் நானே வண்டியை உதைத்து ஓடவிட்டுக் கொடுக்கிறேன் என்று ஏற்பாடு. நீ வெந்நீர் குடி, எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். உனக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயசு இருக்க வேண்டும்.

மறக்காமல் ஒன்று செய். அம்மா பேருக்கு, சங்கரம்மாள் என்று விலாசம் போட்டு, ஒரு கடிதம் எழுது. காமாலை கண்டதையும் எழுது. பெரிய எழுத்தாக எழுது, அவள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொள்வாள். நான் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
நமச்சிவாயம்