கோன் மெஷினில் ஒரு ஆம்பளை

மார்ச் 6
மூடிக்கிடக்கும் மில்லின் பழைய இரும்பைச் சேர்த்து, தெருக்காரர்களே முச்சந்தியில் தொழிலாளி சிலை செய்யப் போகிறார்களாம். முகத்துக்கு மாடல் யார்? என் வீட்டுக்காரர்! மில் கேட்டில் உட்கார்ந்து வருகை குறித்தவர். மூக்கு எடுப்பாக இருக்கிறதாம். கண்ணாடி முன்னாலிருந்து மனுஷன் நகரவில்லை.

எனக்கு வேறு ஊர் மில்லில் வேலை தயார். ஒன்றாம் தேதிக்குள் சேரவேண்டும். இரண்டு பேரும் போவதாகத்தான் பேச்சு.

மார்ச் 11
"சிலை திறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். எப்போது திறப்பார்கள்? யாருக்கும் தெரியாது.

மார்ச் 15
சிரிப்பதா, அழுவதா? காயலான் கடைக்காரன் விட்டுவைத்தது ஒரே ஒரு கோன் மெஷின். அதன் முன்னால் இவரை நிறுத்துகிறார்கள்! நூல் சுற்றுகிற அந்தப் பகுதியில் ஆம்பளை வாடையே கிடையாது, முழுக்க நாங்கள்தான். சொல்லிப் பார்த்தேன். சிலைக் கமிட்டித் தலைவர், எதிர்வீட்டு டெய்லர், "பொம்பள சிலை வச்சா இது யாருன்னு கேப்பாங்கம்மா" என்றார். ஆயுசில் பாதி அங்கே நின்றேனே — என்னை யாரென்று கேட்பார்களாம்.

மார்ச் 19
அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற மாதிரி கை வேண்டும். இவருக்கு விரல் வளையவில்லை. சிலை செய்கிற வெல்டர் தம்பி, "அக்கா, உங்க கைய அச்செடுத்துக்கறேன்" என்றது. அவர் முகம், என் கை. என்ன ஜோடிப் பொருத்தம்!

மார்ச் 22
இரண்டு கையிலும் மணிக்கட்டுக்கு மேல் வரை சாந்து பூசி, அசையக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். மூக்கு அரித்தது. சொறிய முடியவில்லை. தெருவே சுற்றி நின்றது. இவர் என் தோளில் கை போட்டு, "நாங்க எங்கயும் போகல. இனி இந்த ஊர்தான்" என்று அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

கைதானே அகப்பட்டிருக்கிறது, வாய்க்கு என்ன கேடு?

"நீங்க இருங்க. நான் போறேன்."

"ஏய், எல்லாரும் பாக்கறாங்கடி."

"பாக்கட்டும்."

அப்புறமும் சாந்து காயும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

மார்ச் 27
பேச்சுவார்த்தை இல்லை. பெட்டி கட்டினேன். பயமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 12
புது மில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம் போன் செய்தார். சிலையைத் திறந்தாகிவிட்டதாம், பேச்செல்லாம் பிரமாதமாம், எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்களாம். கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் குரல் இறங்கியது.

"ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்ளோ தண்ணி வைக்கணும்?"

சொன்னேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது, போனை வைத்துவிட்டேன்.