ராஜாவுக்குச் சொன்னது

மார்ச் 8, ஞாயிறு

இன்று சபையில் நான் நடத்தும் வேதபாட வகுப்பு முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா என்னிடம் வந்தார். காந்தி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். கணவரை அடக்கம் செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. புது வருஷ ஆராதனையில், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு என்று ஆளுக்கொன்றாகத் தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையை பைபிளிலிருந்து உருவி என் முன் வைத்தார். நீடித்த ஆயுளைப் பற்றிய வசனம்.

"அவருக்குன்னு நான்தான் எடுத்தேன் பிரதர். ஆஸ்பத்திரியில தலகாணிக்கு அடியிலயே வச்சிருந்தேன். ஏன் நிறைவேறல?"

"அது அந்தக் காலத்து ராஜா ஒருத்தருக்காகப் பாடின சங்கீதங்க. முன்வரி பின்வரி படிக்காம நமக்குன்னு எடுத்துக்கக் கூடாது" என்றேன். வகுப்பில் நடத்துகிற பாடம்தான். துக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பே இல்லை எனக்கு.

அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ராஜாவுக்குன்னு இதுல போட்டிருக்கலாமே பிரதர்." அதை என் மேசையிலேயே விட்டுவிட்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறப் போய்விட்டார்.

போட்டிருக்கலாம். முன்வரி, பின்வரி இல்லாமல் அந்த வசனங்களைப் பொறுக்கி, அச்சடித்து, வெட்டித் தட்டில் அடுக்கியவன் நான்தான்.

விசுவாசத்தை எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று சபைக்கே பாடம் எடுக்கிறேன். அக்கா எதிர்க்கவில்லை. நான் கொடுத்ததை நம்பினார்.